கை கழுவ நீர் வரும் வரை

அன்பு மகள் ஐஸிரெக்குக்கு,

அம்மா புருல்சா, மேய்ச்சல் மலையிலிருந்து எழுதுவது. நான் நலம். செம்பழுப்புக் குதிரை குட்டி போட்டிருக்கிறது. இங்கே போன் எடுக்காததால் கீழே பால் கொண்டு போகும் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ சொல்லியனுப்பியது கிடைத்தது. இருபதாம் தேதி கார் கொண்டுவந்து என்னை பிஷ்கெக் நகரத்துக்கே கூட்டிப் போய்விடுவாயாம், இனி மலையே வேண்டாமாம். கெரிம்குல் வீட்டு விருந்தில் நான் மயங்கி விழுந்ததாக உன் காதில் போட்டது உன் அத்தை சோனூன்தானே? அவள் வாயில் எது தங்கும்? நான் விழவில்லை, கோப்பைதான் விழுந்தது. மற்றதெல்லாம் உண்மை.

கெரிம்குல் மகன் பட்டாளத்திலிருந்து திரும்பியதற்கு விருந்து. கறி வந்துவிடும், உட்காருங்கள் என்று கெரிம்குல் மனைவி சொன்னாள். நான் ஒதுங்கிப் போய் சர்க்கரை நோய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அப்புறம் பார்த்தால், வாசலில் ஆட்டை நிறுத்தி எங்களிடம் ஆசி கேட்கிறார்கள். விருந்தாளி வந்து ஆசி சொன்ன பிறகுதான் ஆட்டை அறுப்பார்கள் என்பது ஐம்பத்தாறு வருஷம் இங்கே இருப்பவளுக்குத் தெரியாதா? அன்று புத்தி எங்கே போயிற்றோ. கறி வேக இன்னும் மூன்று மணி நேரம்.

முன்னால் ரொட்டியும் பொரித்த மாவுத் துண்டும் ஜாமும் குவிந்து கிடந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான். அண்ணி இப்போது காற்றைக் குடித்தே வாழ்கிறாள் என்று சோனூன் வேறு கிண்டல் செய்துகொண்டிருந்தாள். ஊசி போட்டுவிட்டேன், சாப்பிடக் கொடுங்கள் என்று கேட்க வெட்கம். வெறும் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கிக் கோப்பை நழுவியது. சோனூன்தான் பாய்ந்து வந்து நாலு சர்க்கரைக் கட்டியை என் வாயில் திணித்தாள். "மானம் பெருசா, உசுரு பெருசா? மெல்லுங்க அண்ணி." கால் மணி கழித்துச் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்து, ரொட்டியும் தின்ன வைத்தாள். கோள் சொன்னவளும் அவள்தான், காப்பாற்றியவளும் அவள்தான்.

மறுநாள் சுகாதார நிலையத்து நர்ஸ் உல்கன் என் கூடாரத்துக்கே வந்து, எப்படிப் போடுகிறாய், காட்டு என்றாள். நான் ஊசி மருந்துப் பேனாவை எடுத்துப் பலமாகக் குலுக்கினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இது அடிச்சுக் கலக்கிப் புளிக்க வைக்க குதிரைப்பால் இல்லக்கா." உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டி, மேலும் கீழும் கவிழ்த்து, கட்டியில்லாமல் ஒரே வெள்ளையாகும் வரை கலக்க வேண்டுமாம். எனக்குக் கொடுத்திருக்கும் மருந்தை, சாப்பிட உட்காரும்போது போட்டால் போதும், சாப்பாடு கண்ணில் படும் முன் போடாதே என்று கண்டித்தாள்.

நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். விருந்தில் கை கழுவ நீர்க்குடுவை வரும் வரை பேனா பையை விட்டு வெளியே வராது. குடுவை வந்தால் பின்னாலேயே கறி வந்துவிடும்.

போன வாரம் பக்கத்துக் கூடாரத்தில் பெயர் சூட்டு விருந்து. ஊசி போடாமல் மூன்று மணி நேரம் கதை பேசிக்கொண்டிருந்தேன். குடுவையைக் கொண்டுவந்தவன் கெரிம்குல் மகன். பெரியவர்களை எல்லாம் விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தான். "முதல்ல உங்களுக்குத்தான் பெரியம்மா. ஊசியப் போட்டுக்குங்க, கறி வருது." எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் நான் ஊசி போட்டு முடிக்கும் வரை காத்திருந்தார்கள். என் வெட்கம் அன்றோடு போயிற்று.

உன் பயம் எனக்குப் புரிகிறது. உன் அப்பா வெட்கப்பட்டுத்தான் இதே நோயை மறைத்தார். டாக்டர்கள் அவர் காலை வெட்டி எடுத்த பிறகுதான் உனக்குத் தெரிந்தது. நான் மறைக்க மாட்டேன்.

இருபதாம் தேதி வா. ஆனால் விருந்தாளியாக வா. நீ வந்து ஆசி சொன்ன பிறகுதான் ஆட்டை அறுப்பேன். குடுவையை நீயே எடுத்து என் கையில் நீர் ஊற்று. நான் பேனாவை உருட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார். அதற்குப் பிறகும் காரில் ஏறு என்று சொன்னால், ஒரு வார்த்தை பேசாமல் ஏறிக்கொள்கிறேன்.

நீ நீடூழி வாழ வேண்டும். அதைப் பார்க்க நானும் இருப்பேன்.

உன் அம்மா,
புருல்சா