விளக்கின் முன் போட்ட பதில்

வெள்ளிக்கிழமை, இரவு.

விளக்கேற்றும்போது வீட்டில் இருந்தது நானும் மகள் கவிதாவும்தான். பெங்களூரில் இருக்கும் தங்கை செல்வி தன் குரலைப் பதிந்து மெயிலில் அனுப்பியிருந்தாள். எங்கள் லினக்ஸ் லேப்டாப்பில் அது திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கின் முன் ‘இல்லை’ என்று எழுத மனம் வரவில்லை. எப்போதும்போல ஏதாவது சின்ன யோசனைதான் கேட்டிருப்பாள் என்று நினைத்து, “கேட்டேன்டி, அப்படியே செய்” என்று பதில் போட்டுவிட்டேன்.

“இன்னாம்மா நீ, கேக்காமயே போட்டியா? சாமி வந்து காதுல சொல்லுச்சா?” சிரித்துக்கொண்டே கவிதா, அந்த ஒலிப்பதிவைத் திறக்க வேண்டிய கோடெக் மென்பொருளை லேப்டாப்பில் போட்டாள். பதிவில் செல்வி பேசினாள்.

“அக்கா, கர்ப்பப்பைய எடுத்துடச் சொல்றாங்க. மாத்திரையில பாத்தா புள்ளைக்கு வழி இருக்குன்னும் ஒருத்தர் சொல்றார். எடுத்துடட்டுமா? நீ சொல்றதுதான்.”

கவிதாவின் சிரிப்பு நின்றுவிட்டது. செல்வியின் போன் அணைந்து கிடக்கிறது. நான் கேட்கவே இல்லை என்று இப்போது எழுதி அனுப்பிவிட்டேன். விளக்கு இன்னும் எரிகிறது. தாயே, என் பொய் அவள் உடம்பில் போய் விடியக்கூடாது. செல்வி, சீக்கிரம் பதில் போடுடி.