நீ முகர்ந்து சொன்ன உப்பு

நண்பா,

நேற்று என் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு பாட்டில் வாங்கிவந்தான். ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் காய்ச்சிய விஸ்கி. தக்கையைப் பிடுங்கியதும் டிங்சர் வாசம் அறையெல்லாம் பரவியது. "மருந்தாட்டம் இருக்குதே" என்று மருமகள் முகம் சுளித்தாள். எனக்கு உன் நினைவு வந்தது. அன்போடு வந்தது என்று சொல்ல மாட்டேன்.

ஐம்பதுகளில் நம் பக்கம் மதுவிலக்கு. ஓசூரில் ஒரே அறையில் தங்கி, தினமும் பஸ்ஸில் எல்லை தாண்டி, பெங்களூரில் சீமைச் சரக்கு இறக்கும் கம்பெனியில் பெட்டி பிரித்தோம். நான் இங்கிலீஷ் பேசுகிறவன். நீ வேப்பனப்பள்ளி மாந்தோப்பிலிருந்து வந்தவன். சாராயத்துக்கு அப்பாவைப் பறிகொடுத்த வீடு என்பதால், ஒரு சொட்டும் நாக்கில் வைப்பதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தாய்.

சரக்கின் தரம் பார்க்கும் அறைக்கு ஓர் ஆள் தேடினார் ஸ்காட்லாந்துக்கார மேனேஜர். தன் சொந்தத் தீவின் விஸ்கியை இரண்டு கிளாஸில் ஊற்றி நம் முன் வைத்தார். நான் குடித்துவிட்டு, நல்ல காரம், புகை வாசம் என்றேன். நீ முகர்ந்தாய். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்தாய்.

"மொதல்ல ஆஸ்பத்திரி வாசம். தண்ணி விட்டதும் அது அடங்கிப்போயி, ஏரியில வெட்டின கருமண்ணக் காயவெச்சு எரிச்சாப்பல பொகை வருது. அடியில உப்பு. சந்தையில கருவாட்டுச் சாக்கு பிரிக்கறப்ப வருமே, அது."

அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னது நான். உப்பை மட்டும் விட்டுவிட்டேன். கடைசியில் ஏதோ சொன்னானே, அது என்ன என்று கேட்டார். சொல்லவேண்டியதாயிற்று. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தன் வீட்டுக்குப் பின்னால் கடல் என்றார். நீ கடலையே பார்த்ததில்லை. வேலை உனக்குக் கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வேப்பனப்பள்ளிக்குப் போய் உன் அம்மாவிடம், "உங்க பையன் அங்க குடிக்கறாம்மா" என்றேன். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீ எத்தனை சொல்லியும் நம்பவில்லை. வேலையை விட்டுவிட்டுத் தோப்புக்கே திரும்பினாய்.

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஓய்வு பெறும்வரை உன் சொற்களைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். உப்பு மட்டும் என் மூக்குக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு தோப்புக்கு வந்தேனே, அன்று நீ மாம்பழம் அறுத்துக்கொண்டே சொன்னாய்:

"நீதான் சொன்னேன்னு அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்கடா."

"அப்புறம் ஏன் என்னக் கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். எதுக்கு?"

சதைப்பற்றான துண்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டு, கொட்டையை நீ எடுத்துக்கொண்டாய்.

உன் மூக்கின் மேல் இருந்த பொறாமையாவது எனக்குப் புரிந்தது. அன்று உன் மனசின் மேல் வந்த பொறாமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உன் சாவுக்கு ஊரே திரண்டிருந்தது. நானும் அழுதேன். அழுதபடியே, எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று கூட்டத்தைப் பார்த்தேன். இந்தக் குணம் உன்னோடு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.