தூதர் எழும்பி நிற்கிறார்

நவம்பர் 4, செவ்வாய்

மழை. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் இது ஒரு செய்தியே இல்லை. இறைச்சித் தொழிற்சாலையில் காலை வேலை. முதுகு நோவு.

மனுசி வசந்தி வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, தொடங்கிவிட்டாள். அவள் வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் கிழவர் முன்னாள் தூதர். மூன்று நாடுகளில். பிறகு பழமைவாதக் கட்சி, பாராளுமன்றம், ஒருமுறை மந்திரி.

"நான் உள்ளுக்குப் போனா எழும்பி நிக்கிறாரப்பா. கால் ஏலாது. எண்டாலும் நிக்கிறார்."

"கதிரையில மூட்டைப்பூச்சியோ?"

அவள் சிரிக்கவில்லை. என் பகிடிக்கு!

நவம்பர் 6, வியாழன்

வாங்க: பால், வெங்காயம், சலவைத்தூள்.

சாப்பாட்டு மேசையிலும் தூதர் கதைதான். இரண்டு நாட்டுச் சண்டையை நடுவில் இருந்து பேசித் தீர்த்தவராம். நானும் வசந்தியின் அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் இருபது வருடம் இருந்தவன். எனக்கு யார் பதக்கம் தந்தது?

மகள் டெனிஷில் ஏதோ சொன்னாள். அப்பாவுக்குப் பொறாமையாம். எனக்கா? அந்தக் கிழவரிலா?

ஓம்.

நவம்பர் 8, சனி

நாளை இருவரையும் கோப்பிக்கு வரச் சொன்னாராம். நீலச் சட்டைக்கு நானே இஸ்திரி போட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆனால் மீசை கறுப்பு. சாயம்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில், காற்று. அவர் வீட்டுச் சுவர் முழுக்க ராசாக்களோடு படம். வசந்தியைக் கண்டதும் கைத்தடியை ஊன்றி எழும்பினார். ஒரு நிமிடம் பிடித்தது. அதற்குள் நான் சோபாவில் இருந்துவிட்டேன். அவள் கோப்பி கொண்டுவர, மறுபடியும் எழும்பினார். நான் இருந்தபடி பிஸ்கட்.

மனைவி எங்கே என்று என் உடைந்த டெனிஷில் கேட்டேன். இரண்டாவது நாட்டில் இருந்தபோதே அவள் அவரை விட்டுப் போய்விட்டாளாம்.

"அவள் பெட்டியோடு போன அன்று எனக்கு ஒரு விருந்து இருந்தது" என்றார்.

உள்ளுக்குள் வெடி கொளுத்தினேன். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். போன மாதம் வசந்தி தனியாகப் போய்ப் பல்லுப் பிடுங்கி வந்தாள். நான் சீட்டுக்கடதாசி விளையாட்டில்.

நவம்பர் 10, திங்கள்

லீவு. நாலு மணிக்கு வசந்தியின் சாவிச் சத்தம். எழும்பி நின்றேன்.

"எங்கயப்பா வெளிக்கிட்டுட்டியள்?"

"ஒரு இடமும் இல்லை."

"அப்ப ஏன் நிக்கிறியள்?"

"சும்மா. நீர் வந்தனீர்."

ஒற்றைச் சப்பாத்தோடு என்னையே பார்த்தாள். முகம் சிவந்தது. கண்ணும்.

"கதிரையில மூட்டைப்பூச்சியோ?" என்றாள்.