நன்மை வாங்காத இரண்டு பேர்

மைனி,

கோயில் பெஞ்சுகளுக்கெல்லாம் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். இன்றைக்கு உட்கார்ந்ததும் வாடை மூக்கில் ஏறியது. சேலை வேறு லேசாக ஒட்டியது. இடது பக்கம், மூன்றாவது பெஞ்சு. உங்களுக்குத் தெரியாத இடமா? அங்கேதானே ஒரு வருஷம் நாம் இரண்டு பேரும் ஊமைகளாக உட்கார்ந்திருந்தோம்.

என் மகள் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால், "இவளுக்கு உலை வைக்கவே தெரியாது" என்று சிரித்தீர்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் பெண்டாட்டி என்றும் பாராமல் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அதோடு பேச்சு நின்றது. பாவம் அண்ணன், நடுவில் கிடந்து தவித்தார்.

பகையை மனசில் வைத்துக்கொண்டு, பூசையில் ஃபாதர் தருகிற அப்பத்தை, நன்மையை, வாங்கக்கூடாது என்று நம் ஊரில் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதில் மட்டும் நமக்கு என்ன நேர்மை! பிழைக்க வந்த இந்த மலையாள ஊரில், ஞாயிறு சாயங்காலத் தமிழ்ப் பூசையில், சாலைக் கடைத்தெருவில் வேலை பார்க்கிற நம் ஆட்களெல்லாம் நன்மைக்கு எழுந்து போவார்கள். காலியான பெஞ்சில் இந்த முனையில் நான், அந்த முனையில் நீங்கள். வேறு பெஞ்சுக்கு மாறினால் தோற்ற மாதிரி ஆகிவிடும். முதலில் பேசினால் தப்பு என்னுடையது என்றாகிவிடும். உங்களுக்கும் அதே வீம்பு.

அப்புறம் உங்கள் வயிற்றில் கட்டி என்று அண்ணன் சொன்னார். ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு, பெஞ்சு காலியானதும் மெல்ல நகர்ந்து என் பக்கத்தில் வந்தீர்கள். மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். எங்கே!

"ஏளா, எனக்கு நன்மை வேணும். பசிக்குது. உன் கோவமும் என் கோவமும் சேந்து என்னைப் பட்டினி போடுது, கேட்டியா?"

அழுதுவிட்டேன். "நானும் பட்டினிதான் மைனி" என்றேன்.

பூசை முடிந்ததும் ஒருவர் பின் ஒருவராக ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தோம். மறுநாள் காலை மலையாளப் பூசைக்கே போய் நன்மை வாங்கினோம். அதுவரை அது நல்லவர்களுக்குக் கொடுக்கிற பரிசு என்றுதான் நினைத்திருந்தேன். அது சாப்பாடு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே அப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு எப்படி முகத்தைத் திருப்ப முடியும்?

அதன்பிறகு எட்டு மாதம் கிடைத்தது. எல்லா ஞாயிறும் சேர்ந்தே போனோம். வழியெல்லாம் சண்டையும் போட்டோம். ஆனால் கோயில் வாசலுக்குள் கால் வைக்கும் முன் முடித்துவிடுவோம். கடைசியில் உங்களுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஃபாதர் வீட்டுக்கே நன்மை கொண்டுவந்தும் வாங்க முடியவில்லை. என் கையைப் பிடித்து, "எனக்கும் சேத்து நீ வாங்கிக்கிடு" என்றீர்கள்.

ஆளுக்கு ஒன்றுதானே மைனி தருவார்கள்? அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். "கிறிஸ்துவின் திருவுடல்" என்று ஃபாதர் நீட்டும்போது, ஒரு ஆமென் சத்தமாகச் சொல்கிறேன், இன்னொரு ஆமென் மெதுவாக. இன்றைக்கு அவருக்குக் கேட்டுவிட்டது. ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். இரண்டாவது உங்களுடையது.