இருபத்தொன்றாம் வரிசை உனக்கு

பிரியா,

கம்பெனி லேப்டாப்பை ஒப்படைக்கச் சரவணம்பட்டி போகிறேன். நைட் ஷிஃப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவனை அங்கே யாரும் உட்காரவைத்துப் பேசமாட்டார்கள். பதினோரு மணிக்குள் வந்துவிடுவேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

உன் அப்பா கிணத்துக்கடவிலிருந்து நமக்குக் கொடுத்துவிடக் கொப்பரைப் பையோடு வருவார். நாம் டெல்லிக்குப் போகும் விமானத்தில் கொப்பரைக்கு அனுமதி இல்லை. நான் சொன்னால் கோபித்துக்கொள்வார், நீயே சொல்லிவிடு.

"ஏனுங்க, நிம்மதியாத் தூங்கறதுக்குத்தானுங்க தனி சீட்டுப் போட்டீங்க?" என்று நேற்றுக் கேட்டாய். ஆமாம், அதற்குத்தான் போட்டேன். ஏழாம் வரிசையில் இரண்டு சீட்டு, இருபத்தொன்றில் ஒன்று. அந்த ஒன்று இப்போது உனக்கு. மடியில் பாப்பா, பக்கத்தில் சர்வேஷ், டெல்லி வரை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் குடித்தால் பாப்பாவுக்குக் காது அடைக்காதாம். இரண்டு பாட்டில் எடுத்து வை. அழுகைச் சத்தம் கேட்டாலும் எழுந்து வராதே.

சுரேந்தர்

பி.கு.: சர்வேஷிடம் சொல்லிவிட்டேன். "அப்ப அழுதா யாருங்ப்பா தூக்குவாங்க?" என்றான். பாப்பாவை நான் தூக்கிக்கொள்வேன் என்றேன்.

"பாப்பா இல்லீங்ப்பா. நீங்க அழுதா?"