இரண்டாவது கட்டுரை

அன்புள்ள அத்தாவுக்கு, டப்ளினிலிருந்து மகள் ஹுமைரா. அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் இருமல் குறைந்ததா? பீங்கான் சூளைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள் என்றால் கேட்பதே இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை. இங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதித் தேற வேண்டும். தேறினால்தான் மற்ற பாடங்களை எடுக்கலாம். 'படிப்புக்காக ஊரை விட்டுப் போகலாமா?' என்று தலைப்பு கொடுத்தார்கள். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில், "வூட்டுலயே இருந்தா என்னம்மா கத்துக்குவ, தைரியமா போயிட்டு வா" என்றீர்களே, அதையே நீங்கள் சொன்னதாக மூன்று பக்கம் எழுதினேன். பிழையே இல்லை, ஆனாலும் தேறவில்லை. "இது உன் அப்பாவின் கருத்து. உன்னுடையது எங்கே?" என்று டீச்சர் கேட்டார். அத்தா சொன்ன பிறகு எனக்கென்று தனியாக என்ன கருத்து என்று விழித்தேன்.

போன வாரம் அதே தலைப்பில் மறுபடி எழுதினேன், இந்த முறை என் மனதில் இருந்ததை. அல்ஹம்துலில்லாஹ், தேறிவிட்டேன்.

அம்மா மசாலாப் பொடி பார்சல் அனுப்பும்போது உங்கள் பழைய லுங்கி ஒன்றையும் வையுங்கள். தலை துவட்டத்தான். துவைக்க வேண்டாம்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். இரண்டாவது கட்டுரையில் என்ன எழுதினேன் என்று மட்டும் கேட்காதீர்கள் அத்தா.

உங்கள் ஹுமைரா