தமிழுக்கு ஒரு கோடு

ஜூலை 10, புதன்

மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலை மருமகள் ஒட்டுநாடா சுற்றித் தந்தாள். அதை மாட்டிக்கொண்டு வகுப்பு எடுக்க என்னால் முடியாது. பழைய கண்ணாடியோடு போனேன்.

நூலகத்தின் மாடி அறை. எட்டு நாற்காலிகள், ஒரு பலகை, மேசை நடுவில் என் ஒலிப்பதிவுக் கருவி. அறுபத்தொன்பது வயதில் இரண்டாம் மொழி கற்பித்தலில் முதுகலை படிப்பவளின் ஆய்வுக்கூடம் இதுதான். எட்டுப் பேரும் உடலுழைப்பு வேலைக்குப் போகும் பெண்கள். ஆங்கிலம் வேண்டும் என்று வந்திருக்கிறார்கள். ஆய்வு விதிப்படி அவர்கள் பெயரை எங்கும் எழுதக் கூடாது, எண்தான். இந்த நோட்டிலும் அப்படியே. விதி என்றால் விதி.

என் ஆய்வு எளிமையானது. வகுப்பில் தமிழ் கிடையாது. யாராவது தமிழில் வாய் திறந்தால், வீட்டில் பதிவைக் கேட்கும்போது அவர் எண்ணுக்கு நேரே ஒரு கோடு. பன்னிரண்டு வாரத்தில் கோடுகள் குறையும், ஆங்கிலம் வளரும். வழிகாட்டிப் பேராசிரியைக்கு இதில் நம்பிக்கை இல்லை. என் மகனைவிடச் சின்னவள். "தாய்மொழிய வெளிய நிறுத்துனா ஆளும் பாதி வெளியவே நின்னுடுவாங்க மேடம்" என்கிறாள். நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். தமிழ் பேசினால் கழுத்தில் மரத்தட்டு மாட்டுவார்கள். நான் ஒருநாள்கூட அதை மாட்டிக்கொண்டதில்லை.

இன்று மொத்தம் அறுபத்திரண்டு கோடுகள். ஏழாம் எண்ணுக்கு மட்டும் பதினான்கு. வாயாடி.

ஜூலை 17, புதன்

ஏழாம் எண்ணும் மூன்றாம் எண்ணும் நாத்தனாரும் அண்ணியும். ஒரே சலவை நிலையத்தில் வேலை, ஹோட்டல்களின் படுக்கைவிரிப்புகளைத் துவைக்கும் இடம். இருவரும் அறைக்குள் வந்தாலே சோப்பு வாசனை.

இன்று வகுப்பு தொடங்கும் முன் ஏழாம் எண் எழுந்து, தன் சூப்பர்வைசரைப் போல நடந்து காட்டினாள். "அவரு கழுத்துல டை. நாங்க தலையில துணி. அவருக்குத் தமிழ் ஒரு சொட்டு வராது, எங்களுக்கு இங்கிலீஷ் ஒரு சொட்டு வராது. நடுவுல எடுத்துச் சொல்ல ஒரு மேஸ்திரி இருந்தாரு, அவரும் வேலைய விட்டுட்டாரு. இப்ப ரெண்டு பக்கமும் தலையாட்டிக்கிட்டே இருக்கோம்." எல்லோரும் சிரித்தார்கள். அறைக்கு வெளியே இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அந்தப் பேச்சுக்கு மட்டும் மூன்று கோடுகள்.

ஜூலை 24, புதன்

நான்கு நாட்களாக விடாத மழை. மூன்றாம் எண் வகுப்பிலேயே தூங்கினாள். எழுப்பி நிற்க வைத்தேன். ஏழாம் எண்ணும் கொட்டாவி விட்டபடியே இருந்தாள், கண்கள் சிவந்திருந்தன. வேலை முடிந்து வருகிற மற்ற ஆறு பேர் நிமிர்ந்துதானே உட்கார்ந்திருக்கிறார்கள்?

படியிறங்கும்போது ஏழாம் எண் பின்னாலேயே வந்தாள். "டீச்சர், ஒரு விஷயம்..."

"இன் இங்கிலீஷ்" என்றேன். கடைசிப் படி வரை விதி உண்டு, அவளுக்கும் தெரியும். வாயைத் திறந்தாள், மூடினாள், சிரித்துவிட்டுப் போனாள்.

ஜூலை 27, சனி

ஏழாம் எண்: ஒன்பது கோடு. மூன்றாம் எண்: இரண்டு. மூட்டுவலித் தைலம் எந்தக் கடையிலும் இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

பாடம்: உணவகத்தில் மேசை கேட்பது. நடுவில் ஏழாம் எண் எழுந்து நின்றாள். கையில் கசங்கிய சீட்டு.

"டீச்சர். டவுன். ரூம். ஹெட்." விரலால் தலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"ஃபுல் சென்டென்ஸ், ப்ளீஸ்" என்றேன். நான்கு சொல்லைத் தூவினால் வாக்கியமாகுமா?

"தலை கழண்டு கீழ ரூம்ல விழுந்துடுச்சாம் டீச்சர்" என்று ஐந்தாம் எண் சொல்ல, அறையே சிரித்தது. ஐந்தாம் எண்ணுக்கு ஒரு கோடு. ஏழாம் எண் சீட்டை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தன் முறை வந்ததும் இருவருக்கு ஒரு மேசை கேட்டாள். முழு வாக்கியத்தில், மரியாதையாக. முடிகிறது பார்.

ஆகஸ்ட் 7, புதன்

அறைக்குள் வருகிற ஒவ்வொருவரிடமும் நலம் விசாரிப்பேன். முழுதாகப் பதில் சொன்னால்தான் நாற்காலி. இன்று ஏழாம் எண் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கேட்டதும் நிமிர்ந்தாள். "ஐ ஆம் ஃபைன், டேங்க் யூ, டீச்சர். ஹவ் ஆர் யூ?"

'டேங்க்' இல்லை, 'தேங்க்'. நாக்கைப் பல்லுக்கு வெளியே கொண்டுவரச் சொன்னேன். மூன்று முறை சொல்ல வைத்தேன். மூன்று முறையும் 'டேங்க்'தான்.

ஆனால் வகுப்பு முழுக்க அவள் ஒரு தமிழ்ச் சொல்லும் பேசவில்லை. பூஜ்யம்! வரைபடத்தில் அவள் கோடு படிக்கட்டுப் போல இறங்கித் தரையைத் தொடுகிறது. மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வழிகாட்டி வரைபடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அழகா இருக்கு மேடம். இந்தக் கோடெல்லாம் என்ன சொல்லுச்சு?"

"தமிழ்."

"தமிழ்ல என்ன?"

அது என் ஆய்வில் இல்லை என்றேன். ஏழாம் எண் பேசிய தமிழ் முழுவதையும் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டாள். "பூஜ்யம் வந்தா கை தட்டறதுக்கு முன்னாடி, ஏன் வந்துச்சுன்னு பாத்துடணும் மேடம்."

மகனுக்குச் சிரிப்பு. "இந்த வயசுல வீட்டுப்பாடம் செய்யலன்னு திட்டு வாங்கிட்டு வர்றீங்களாம்மா?"

ஆகஸ்ட் 10, சனி

இரண்டு நாற்காலிகள் காலி. மூன்று, ஏழு.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையிலிருந்து காதில் கருவி. வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினேன். எழுதியதை அப்படியே இங்கே பிரதி எடுக்கிறேன். பேசுவது ஏழாம் எண், அண்ணியின் காதோடு.

ஜூலை 24: "உங்களுக்கும் தலை வலிக்குதா அண்ணி? கீழ பாய்லரப் போட்டதும்தான் வருது. மேல வந்தா விட்டுடுது."

அதே நாள்: "மழைன்னு ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சுட்டாங்க. பாய்லர் புகைக்குழாய் வேற விட்டுப் போயிருக்கு."

ஜூலை 27: "நேத்து அந்தக் கிழவியம்மா அங்கயே வாந்தி எடுத்தாங்க. சூப்பர்வைசர் சாப்பாடு சரியில்லன்னு நெனச்சுக்கிட்டாரு."

அதே நாள்: "டீச்சர் ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்தா போதும். மனப்பாடம் பண்ணி அப்படியே சொல்லிடுவேன்."

இதன் மேலேயே என் குரல். "நோ டமில், ப்ளீஸ்." மணி அடித்தது போல, எவ்வளவு தெளிவு!

ஆகஸ்ட் 3, கடைசி: "விடுங்க அண்ணி. இங்கிலீஷ் வந்ததும் சொல்லிக்கலாம்."

இவை ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு கோடு போட்டேன். அளவுகோல் வைத்து. கேட்டேனே! ரெண்டு தடவை போட்டுக் கேட்டேனே. எண்ணத்தானே கேட்டேன், பாவி. "நீ கேக்குறதைவிடத் திருத்துறதுதான் அதிகம்" என்று என் வீட்டுக்காரர் இருந்தவரை சொல்வார். நான் அந்த வாக்கியத்தையும் திருத்தினேன்.

இன்னொன்று. முதல் நாள் இங்கே எழுதியது பொய். மரத்தட்டை ஒருநாள் மாட்டிக்கொண்டேன். ஏழு வயது. வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆங்கிலம் வரவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

அவர்கள் வீட்டு முகவரி என்னிடம் இல்லை, சலவை நிலையத்தின் முகவரி இருக்கிறது. நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறேன். 'ஆபத்து' என்று தொடங்கினால் குற்றச்சாட்டுப் போலிருக்கிறது. 'கவலைக்குரிய நிலை' என்று மாற்றினேன். மூன்றாம் பிரதியிலும் இரண்டாம் பத்தி சரியாக வரவில்லை.

"போன் பண்ணிடுங்கம்மா. ரெண்டு நிமிஷ வேலை" என்றான் மகன்.

போனில் சொன்னால் யாரோ கிழவி புலம்பினாள் என்பார்கள். டை கட்டியவர்கள் எழுத்துக்குத்தான் மதிப்புக் கொடுப்பார்கள். அவர்கள் இருவரும் வகுப்புக்கே வரவில்லையே, உடம்பு சரியில்லாமல் வீட்டில் படுத்திருப்பார்கள். இருப்பார்கள்தானே?

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நான்கு மணிக்குக் கையெழுத்திடும்போது மை சிந்திவிட்டது. பக்கம் முழுவதையும் மறுபடி எழுதி முடிக்க ஆறாகிவிட்டது. நாளை காலை நேரில் கொடுத்துவிடுவேன். நல்ல கடிதம். ஒரு சொல்லை எடுக்கவோ சேர்க்கவோ முடியாது.

ஆகஸ்ட் 14, புதன்

வாசல் சாத்தியிருந்தது. ஈர விரிப்புகள் வண்டிகளில் அப்படியே குவிந்து கிடந்தன. காவலாளி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு வேலை இல்லம்மா. நேத்து அஞ்சு மணிக்கு... கீழ ரெண்டு பேரு. மேல வரலயேன்னு போய்ப் பாத்தா, துணி மூட்டைமேல தூங்குற மாதிரி கெடக்குறாங்க. விஷவாயுவாம். வாசனைகூட இருக்காதாம்ல அதுக்கு?"

"அந்த ரெண்டு பேரு..."

"நாத்தனாரும் அண்ணியும். லீவு போட்டா வேற ஆளப் போட்டுடுவாங்கன்னு நேத்துதான் திரும்ப வந்துச்சுங்க. சின்னதுக்கு மூச்சு இருந்துச்சு." "அண்ணிதான்..." என்று கையை விரித்தார்.

ஐந்து மணி. நான் இரண்டாம் பத்தியைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன்.

என் கையில் இருந்த உறையைப் பார்த்தார். "லெட்டராம்மா? யார்கிட்ட குடுக்கணும்?"

"யார்கிட்டயும் இல்லப்பா."

ஆகஸ்ட் 17, சனி

ஆறு பேர். "இன்னைக்குத் தமிழ்லயே பேசலாம்" என்றேன். பதிவில் நாற்பது நிமிடம் மழைச் சத்தம் மட்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கடிதத்தையும் பதிவின் நகலையும் விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். எந்தத் தேதியில் உங்களுக்குத் தெரிய வந்தது என்று கேட்டார். ஜூலை 24 என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

வழிகாட்டியிடம் ஆய்வேட்டைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 24, சனி

மருத்துவமனை, மூன்றாம் மாடி, ஜன்னலோரப் படுக்கை. "நெறைய மறந்துடுதுங்க. அண்ணி எங்கன்னு திரும்பத் திரும்பக் கேக்குது. ரொம்பப் பேச வைக்காதீங்க" என்றாள் நர்ஸ்.

கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். என்ன கேட்பது என்று பேருந்தில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தபடி வந்தேன். இரண்டே சொல்.

"எப்படிம்மா இருக்கே?"

என் வாயிலிருந்து அவள் தமிழ் கேட்பது இதுதான் முதல்முறை. நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, நான் கருவியைக் கொண்டுவரும் கைப்பையை. பிறகு இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றி, மெல்ல நிமிர்ந்து, முதுகை நேராக்கிக்கொண்டாள்.

"ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, டீச்சர். ஹவ் ஆர் யூ?"

முழு வாக்கியம். 'தேங்க்' சரியாக வந்தது. ஒரு பிழையும் இல்லை.